காற்றைக் கட்டிப்போட்ட அட்டை

சின்னமனூர்ப் பக்கம் சொந்தக்காரர் ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். மேல்தளம் போட்டு, தண்ணீர் கட்டி, ஆறவிட்டாயிற்று. அடுத்து மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி போட வேண்டிய நேரம். அன்று பார்த்து ஒரு மினி லாரி வந்து நின்றது. கதவு அகலத்துக்கு நீல நிற அட்டைகள், இரண்டு அங்குலக் கனம், கட்டுக் கட்டாக இறங்கின. கொத்தனார் ஓர் அட்டையை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அதிகம்.

"தம்பி, இது தெர்மாகோல்தானே? வைகையில விட்டாகளே, அந்தச் சரக்குத்தானே? இதைப் போட்டா வீடு கட்டுறீக?"

மாடியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். தேனி மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு உரை எழுத வேண்டியதில்லை.

முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போய், 2017 ஏப்ரலில் வைகை அணையில் கிடந்தது கொஞ்ச நஞ்சத் தண்ணீர். அதுவும் வெயிலில் ஆவியாகிப் போகாமல் இருக்க, தெர்மாகோல் ஷீட்டுகளை டேப் போட்டு ஒட்டி நீரின் மேல் மிதக்கவிட்டார்கள். அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் கே.ராஜு அதிகாரிகளோடு வந்து தொடங்கிவைத்தார். காற்று ஒரு வீச்சு வீசியது. சற்று நேரத்தில் ஷீட்டுகள் கரைக்கே திரும்பி வந்துவிட்டன. டேப் பிரிந்தது, ஷீட் உடைந்தது. அன்று மாலைக்குள் தமிழ்நாட்டின் எல்லாச் செல்போன்களிலும் தெர்மாகோல் மிதந்தது.

சிரித்தது சிரித்ததாகவே இருக்கட்டும். ஆனால் நீரை மூடிவைக்கும் யோசனை அவ்வளவு கிறுக்குத்தனமானது இல்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2015-ல் தன் நீர்த்தேக்கம் ஒன்றில் 9.6 கோடி கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டியது. வெயில் பட்டுத் தண்ணீர் கெடாமல் இருப்பதுதான் முதல் நோக்கம், ஆவியாவதும் குறைந்தது. அந்தப் பந்துகள் பறக்கவில்லை. காரணம், ஒவ்வொரு பந்தின் வயிற்றுக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கனம் ஏற்றியிருந்தார்கள்.

வைகையில் விட்ட பொருள் மேல் குற்றம் இல்லை, கட்டிப்போடாமல் விட்டதுதான் தப்பு. நூற்றுக்கு 98 பங்கு காற்றும் 2 பங்கு பிளாஸ்டிக்குமாக இருக்கிற ஒன்றைக் காற்றில் விட்டால், அது காற்றோடுதான் போகும். காற்றைச் சிறைப்பிடிப்பது ஒன்றே அதன் தொழில். அந்தத் தொழிலை அது எப்படிக் கற்றது என்று தெரிந்தால், கொத்தனாருக்குப் பதில் சொல்லலாம்.

சாம்பிராணிக்குத் தூரத்துச் சொந்தம்

கதை ஒரு மருந்துக் கடையில் தொடங்குகிறது. பெர்லினில் எடுவார்ட் சைமன் என்றொரு மருந்து வணிகர். 1839-ல், துருக்கிப் பக்கத்து மரம் ஒன்றின் வாசனைப் பிசினை வாலையில் வடித்தார். 'ஸ்டோராக்ஸ்' என்று அந்தப் பிசினுக்குப் பெயர். எண்ணெய் மாதிரி ஒரு திரவம் இறங்கியது. பிசினின் பெயரை ஒட்டி அதற்கு 'ஸ்டைரால்' என்று பெயர் வைத்தார்; இன்று நாம் ஸ்டைரீன் என்பது அதைத்தான். நம் வீட்டுச் சாம்பிராணி தரும் மரத்தின் அறிவியல் பெயரும் 'ஸ்டைராக்ஸ்'தான். சாம்பிராணி மரமும் சைமன் பிசின் எடுத்த மரமும் வேறு வேறு. பெயர் அளவில் மட்டும் பங்காளிகள்.

சில நாள் கழித்துப் பார்த்தால், அந்த எண்ணெய் இறுகிக் கூழாகிக் கிடந்தது. காற்று பட்டுக் கெட்டுவிட்டது என்று சைமன் நினைத்தார். கெடவில்லை. சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்து நீளச் சங்கிலியாகியிருந்தன. இதை விளங்கிக்கொள்ள இன்னும் எண்பது ஆண்டுகள் ஆயின. 1920-களில் ஹெர்மன் ஸ்டாடிங்கர் அந்தச் சங்கிலிக் கதையைச் சொன்னபோது சக வேதியியலாளர்கள் பலர் நம்பவில்லை. 1953-ல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, அந்தச் சங்கிலிப் பொருளான பாலிஸ்டைரீன் ஜெர்மனியில் ஆலைச் சரக்காகிவிட்டிருந்தது. ஆனால் அது கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக். அப்போது அதற்குள் இன்னும் காற்று புகவில்லை.

மறந்துபோன பாலிஷ் டப்பா

காற்று மூன்று வாசல் வழியாகப் புகுந்தது.

முதல் வாசல் சுவீடனில் திறந்தது. கார்ல் மன்டர்ஸ் மாணவராக இருக்கும்போதே, 1922-ல், நண்பர் பால்ட்சர் வான் பிளாட்டனோடு சேர்ந்து, சுழலும் பாகமே இல்லாத குளிர்பெட்டியைச் செய்து காட்டியவர். குளிரை உண்டாக்கியவருக்கு அடுத்த கவலை, அதைப் பெட்டிக்குள் நிறுத்திவைப்பது. 1930-களின் தொடக்கத்தில் பாலிஸ்டைரீனை நுரையாக்கும் வழிக்குக் காப்புரிமை வாங்கினார். அதாவது இந்த நுரை பிறந்ததே குளிரைக் காக்கும் வேலைக்காகத்தான். மீன் பெட்டியும் ஐஸ் பெட்டியும் அதற்குப் புதிய வேலை இல்லை.

இரண்டாம் வாசல் அமெரிக்காவில். இரண்டாம் உலகப் போர்க் காலம், ரப்பருக்குத் தட்டுப்பாடு. டவ் நிறுவனத்தில் ரே மெக்கின்டயர் மின்கம்பிகளுக்கு மேலுறையாக வளைந்துகொடுக்கும் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்டைரீனோடு ஒரு வாயுவை அழுத்தத்தில் கலந்தார். அழுத்தம் குறைந்ததும் வாயு குமிழ் குமிழாக உப்பி, இறுகிய நுரை கிடைத்தது. மன்டர்ஸ் முன்பே இதைச் செய்திருந்ததால், அவருடைய உரிமையையும் டவ் வாங்க வேண்டியிருந்தது. அந்த நுரைதான் ஸ்டைரோஃபோம். முதலில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் உயிர்காப்புத் தெப்பமாகத் தண்ணீரில் இறங்கியது. சின்னமனூரில் இறங்கிய நீல அட்டை இந்த வம்சம். உருகிய பிளாஸ்டிக்கை முறுக்கு அச்சில் பிழிவது போலப் பிழிந்து எடுப்பார்கள். கண்கள் மூடியிருப்பதால் தண்ணீர் குடிக்காது.

மூன்றாம் வாசல் ஜெர்மனியில், பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில். 1949-ல் ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி ஒரு கலவையை ஷூ பாலிஷ் டப்பாவில் ஊற்றி, உலர்த்தும் அடுப்பில் வைத்தார். வைத்ததை மறந்துவிட்டார். திரும்பி வந்து திறந்தால், டப்பாவுக்குள் இருந்த சரக்கு நுரைத்து எழுந்து தூண் மாதிரி நிற்கிறது. உச்சியில் தொப்பி போட்டது போல டப்பாவின் மூடி. பொங்கல் பானையில் பால் பொங்குவதைப் பார்க்கும் நமக்கு அந்தக் காட்சி புரியும். பொங்கியது அப்படியே இறுகி நின்றதுதான் அதிசயம்.

அதிலிருந்து வந்ததுதான் நாம் நகத்தால் கிள்ளினால் மணி மணியாக உதிரும் வெள்ளைச் சரக்கு. கடுகு போன்ற பிளாஸ்டிக் மணிக்குள் பென்டேன் என்ற திரவத்தை ஒளித்துவைக்கிறார்கள். பென்டேன் 36 டிகிரி வெப்பத்திலேயே கொதித்துவிடும். தேனியில் சித்திரை மதியத்துக்கு அது சர்வ சாதாரணம். ஆலையில் நீராவி காட்டியதும் பிளாஸ்டிக் இளகுகிறது, உள்ளே பென்டேன் ஆவியாகி உப்புகிறது, ஒவ்வொரு மணியும் சோளப்பொரி போலப் பருக்கிறது. சில மணி நேரம் ஆறவிட்டால் பென்டேன் வெளியேறிய இடத்தில் காற்று வந்து குடியேறும். அப்புறம் பெட்டி அச்சில் கொட்டி மறுபடி நீராவி. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகும். சூடான கம்பியால் வெண்ணெய் வெட்டுவது போல அதை அறுத்தால் ஷீட்.

இந்தியாவுக்கு வந்தபோது பி.ஏ.எஸ்.எஃப் வைத்த வணிகப் பெயர் 'தெர்மாகோல்'. ஜெராக்ஸ் மாதிரி, வணிகப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. பள்ளிக் கண்காட்சியில் எரிமலையும் தாஜ்மகாலும் செய்தது, கல்யாண மேடையில் மணமக்கள் பெயரை வெட்டி ஒட்டியது, டிவிப் பெட்டியின் மூலைகளில் நின்றது என்று தமிழர்கள் அதைப் பார்த்த இடமெல்லாம் அலங்காரம் அல்லது பொட்டலம். அதனால்தான் வீட்டுக்கு அது வந்தபோது கொத்தனாருக்குச் சிரிப்பு வந்தது.

வெளியே போட்ட சட்டை

ஜெர்மனியில் அது வீட்டுக்குப் போக அதிக காலம் ஆகவில்லை. 1950-களின் பிற்பகுதியிலேயே, சுவரின் வெளிப்பக்கம் நுரை அட்டையை ஒட்டி, மேலே வலை பதித்து, மெல்லிய பூச்சு பூசினார்கள். 1973-ல் எண்ணெய் விலை எகிறியதும் குளிர்நாடுகள் வீட்டைச் சூடாக்கும் செலவுக்குப் பயந்து இதைப் பரவலாகச் செய்யத் தொடங்கின.

உள்ளே ஒட்டாமல் வெளியே ஏன்? செங்கல்லும் கான்கிரீட்டும் வெப்பத்தைச் சேமித்துவைக்கும் பானைகள். அட்டையை உள்ளே ஒட்டினால் பானை வெயிலிலும் பனியிலும் நிற்கும். வெளியே ஒட்டினால் பானை வீட்டுக்காரரோடு உள்ளே இருக்கும். மழைக்கோட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொள்பவர் உண்டா?

பாடமும் படித்தார்கள். 1990-களின் நடுவில் அமெரிக்காவின் வில்மிங்டன் ஊரில், இப்படி அட்டை ஒட்டிய மர வீடுகளின் ஜன்னல் ஓரம் வழியே மழைநீர் உள்ளே இறங்கியது. இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் மரச் சுவர் உளுத்துப்போனது. அட்டை தண்ணீரைத் தடுக்கும், உள்ளே போன தண்ணீரையும் சேர்த்தே தடுக்கும். ஓரங்களை யார் ஒழுங்காக அடைத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மச்சும் சுருக்கியும்

வெளியே போட்டுக் காப்பது நமக்குப் புதிதா என்றால், இல்லை. பழைய வீடுகளில் மரப்பலகை பரப்பி, மேலே மண் கொட்டி மச்சு கட்டினார்கள். ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவே நின்ற காற்றுதான் காப்பு. கூரை வேய்ந்த வீட்டில் ஒவ்வொரு கீற்றுக்கும் இடையில் காற்று.

கட்டை விட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வந்தபோது, உச்சியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் தட்டுவார்கள். நாள்கணக்கில் அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்கும். அதன் மேல் தட்டோடு. கான்கிரீட் மேல்தளம் வந்த பிறகும் சுருக்கியும் தட்டோடும் தொடர்ந்தன.

சுண்ணாம்பும் செங்கல் பொடியும் சேர்ந்த சுருக்கியைக் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களிடம் குறைத்துச் சொல்ல முடியாது. 1895-ல் பொறியாளர் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் வயிறு முழுக்க அந்தக் கலவைதான். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் வைத்திருக்கிறோம். அணையை நிறுத்திய சரக்கு வீட்டைக் காக்காதா என்று கொத்தனார் கேட்டால் அது நியாயமான கேள்வி.

காக்கும். மழையிலிருந்து நன்றாகவே காக்கும். வெயிலிலிருந்து ஓரளவுதான். நம் நாட்டில் வீடுகளுக்கென்று 2018-ல் வந்த 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற ஆற்றல் விதித்தொகுப்பு, மேல்தளம் எவ்வளவு வெப்பத்தை உள்ளே கடத்தலாம் என்பதற்கு 1.2 என்று ஓர் எல்லை வைத்தது. ஒரு சதுர மீட்டரில், வெளியும் உள்ளும் ஒரு டிகிரி வேறுபட்டால், எத்தனை வாட் உள்ளே இறங்குகிறது என்பதே அந்தக் கணக்கு. வெறும் 5 அங்குல கான்கிரீட் தளத்துக்கு இது ஏறக்குறைய 3.5. நாலு அங்குலச் சுருக்கி போட்டால் குறையும், ஆனாலும் அந்த எல்லைக்கு மேலேதான் நிற்கும். ஓர் அங்குல நீல அட்டையே 1-க்குக் கீழே கொண்டுவந்துவிடும். அசையாத காற்றின் பலம் அவ்வளவு: அங்குல அட்டைக்குச் சமமாகச் செங்கல்லால் தடுக்கப் பார்த்தால், ஏறத்தாழ இரண்டடிக் கனம் கட்ட வேண்டும்.

தலைக்குத்தான் முதலில்

இங்கே ஜெர்மனியை அப்படியே காப்பியடித்தால் காசுதான் வீண். அங்கே சுவருக்குப் போட்டார்கள். தேனிக்கும் கம்பத்துக்கும் சூரியன் சித்திரை பிறக்கும்போதும் ஆவணி நடுவிலும் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது வெயில் முழுக்க மொட்டை மாடியில்தான் இறங்கும். பகலெல்லாம் தளம் குடித்த வெப்பம் மெள்ள மெள்ளக் கீழே வந்துசேர இரவு எட்டு மணி ஆகும். வெளியே மலைக்காற்று சிலுசிலுக்கும்போது மாடி அறையில் மட்டும் வெக்கை. ஃபேன் போட்டால் அந்த அனலையே தலையில் கொட்டும். இது எல்லா வீட்டிலும் நடக்கிற சங்கதி.

அதனால் முதல் அட்டை தலைக்கு. அடுத்தது, மதியத்துக்கு மேல் சாய்ந்த வெயில் விழும் மேற்குச் சுவருக்கு. மற்ற சுவர்களுக்கு ஜன்னல் மேல் சன்ஷேடும் ஒரு வேப்பமரமும் போதும். குளிர்பெட்டி மாதிரி வீட்டை முழுக்கப் பொதிந்துவிட்டு, ராத்திரி ஜன்னலையும் சாத்திக்கொண்டால், அடுப்படிச் சூடும் ஆள் சூடும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். அட்டை பகலில் காக்கும்; இரவில் ஜன்னலைத் திறந்து மலைக்காற்றை விடுவது நம் வேலை.

மேற்குச் சுவரில் வேலை இப்படி நடக்கும்: அட்டையைப் பசைக் கலவையால் ஒட்டி, குடை மாதிரித் தலை விரிந்த பிளாஸ்டிக் ஆணியால் இறுக்கி, நூல் வலை பதித்து, மேலே மெல்லிய பூச்சு. மாடியில் இன்னும் எளிது. தளத்தைக் கழுவி, வாட்டம் பார்த்து, நீர்க்காப்புப் பூச்சு முதலில். அதன் மேல் அட்டைகளைச் செங்கல் கட்டுவது போல மூட்டு மாற்றிப் பரப்ப வேண்டும். மூட்டுகளில் டேப். ஆமாம், அதே டேப்தான். அதன் மேல் தாள் விரித்து, வலை போட்டு, இரண்டு அங்குலம் காரை. உச்சியில் தட்டோடு. அடியில் கிடக்கும் நீர்க்காப்புப் பூச்சுக்கும் இதில் லாபம் உண்டு: வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி வெடிக்கும் வேலை அதற்கு மிச்சம்.

சின்னமனூரில் அட்டை பரப்பியது ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கம்பம் கணவாய் வழியே அரபிக்கடல் காற்று புகுந்து வரும் பருவம் அது. அந்தக் காற்றை நம்பித்தான் இந்த மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. அம்மிக்கே அந்தக் கதி என்றால் அட்டை எம்மாத்திரம்? நாலு அட்டை பரப்பிவிட்டு டீ குடிக்க இறங்கினோம். ஏறி வந்தபோது ஒன்றைக் காணோம். பக்கத்துத் திராட்சைப் பந்தல் மேல் மல்லாந்து கிடந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல!" என்றார் கொத்தனார். அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. சித்தாளைக் கூப்பிட்டு, ஒவ்வோர் அட்டை மேலும் நாலு செங்கல் வைக்கச் சொன்னார். லாஸ் ஏஞ்சலிஸில் பந்துக்குள் தண்ணீர் ஊற்றியவர்கள் செய்ததைத்தான், அவர்களைக் கேள்விப்படாமலேயே, அவரும் செய்தார்.

தீக்கு முன்னால் சின்னப் பிள்ளை

இந்த அட்டைக்கு எதிரிகள் மூன்று. ஒன்று வெயில். நேரடியாகப் பட்டால் மஞ்சளித்துப் பொடியும். உடனே மூடிவிட வேண்டும். இரண்டு, எறும்பும் எலியும் அணிலும். தின்ன அதில் ஒன்றும் இல்லை, ஆனால் குடைந்து வீடு கட்ட மெத்து மெத்தென்று இருக்கும். ஓரங்களைக் காரையால் பூசி அடைத்தால் சரி. மூன்றாவதுதான் பெரியது: தீ.

வைகையில் தெர்மாகோல் மிதந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடி எரிந்து 72 பேர் இறந்தார்கள். கட்டடத்தைப் புதுப்பித்தபோது வெளிச்சுவரில் பதித்த அலங்காரத் தகடுகளின் நடுவில் பிளாஸ்டிக் இருந்தது. தீ ஏறியதற்கு முதல் காரணம் அது. தகட்டின் பின்னால் இருந்த நுரை அட்டையும் எரிந்து துணைபோனது. அங்கே இருந்தது வேறு வகை நுரை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். தீத்தடுப்பு மருந்து கலந்த கட்டடத் தர அட்டையாகக் கேட்டு வாங்க வேண்டும். பொட்டலம் கட்டும் தெர்மாகோலை மலிவாகக் கிடைக்கிறதே என்று சுவரில் ஒட்டக் கூடாது. காரையோ பூச்சோ இல்லாமல் திறந்து விடவும் கூடாது. மாடியில் இரண்டு அங்குலக் காரைக்கு அடியில் கிடக்கும் அட்டைக்குத் தீ எட்டுவது கடினம். உயரமான கட்டடத்தின் சுவரில் ஒட்டுகிறவர்கள்தான் பத்து முறை யோசிக்க வேண்டும்.

மட்காத சரக்காயிற்றே என்ற கேள்வியும் இருக்கிறது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குகளில் தெர்மாகோல் தட்டும் குவளையும் உண்டு. பத்து நிமிஷம் சாம்பார் தாங்கிவிட்டு நூறு வருஷம் ஓடையில் கிடக்கிற தட்டுக்கு அந்தத் தடை சரி. மட்காது என்பது தட்டுக்குச் சாபம். காரைக்கு அடியில், வீடு நிற்கும் வரை கிடக்க வேண்டிய அட்டைக்கு அதுவே தகுதி.

மாடி வேலை முடிந்து, தட்டோடு பதித்து, ஓரத்துக்கு உருட்டுப் பூச்சும் பூசியாயிற்று. நீலம் ஒரு பொட்டுக்கூட வெளியே தெரியவில்லை. அடுத்த சித்திரையில் பால் காய்ச்ச அழைத்தார்கள். சாப்பாடு முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மாடி அறையில் பாய் விரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். கொத்தனாரும் வந்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, உள்கூரையில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. இறங்கி வந்தவர், தன் வீட்டு மாடிக்கு எத்தனை அட்டை பிடிக்கும் என்று கேட்டார்.